மாப்பிள்ளைக் காருக்கு மாகறல் இன்ஜின்

வைகாசி 3, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிட்டது. ஏரியில் தண்ணீர் மதகுக்கு வெகு கீழே. ஆபீஸில் பி.டி.ஓ. இன்றும் கிணற்றுக் கடன் ரிப்போர்ட் கேட்டார். இன்றும் நாளைக்கு என்றேன்.

தங்கை சரோஜா கல்யாணக் காரியம் (மாப்பிள்ளை அழைப்பு 19 ராத்திரி), பாக்கி:
பந்தல்காரர் – சொல்லியாயிற்று, வந்தால் உண்டு.
வாழைமரம், தென்னங்குருத்து – திருப்புலிவனத்திலிருந்து.
ரவிக்கைகள் – தையல்காரர் வெளியூர்.
கார்.

கடைசி வரியை எழுதினதும் மற்றதெல்லாம் மறந்துவிடுகிறது. மாசியில் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலையை மடித்தபடி சொன்னது காதிலேயே இருக்கிறது. "உங்க நைனா வச்சிருந்த தொறந்த காரு கீதே, அதுல தான் எங்க புள்ளைய அழைக்கணும். பழையசீவரத்துலேர்ந்து வர்ற ஜனம் பாக்கணும்." ஆகட்டும் என்றேன். அப்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தது. சித்திரையில் காஞ்சிபுரம் ரோட்டில் படார் என்று ஒரு சத்தம். இன்ஜினுக்குள் இருந்த ராடு ஒன்று வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கை நுழைகிற ஓட்டை. அடைக்க முடியாது என்று மெக்கானிக் ஜப்பார் பாய் அன்றே கையை விரித்துவிட்டார்.

வாடகைக்குத் திறந்த கார் காஞ்சிபுரத்தில் இல்லை, செங்கல்பட்டில் இல்லை. பெரிய முகூர்த்தம், எல்லாம் போய்விட்டது. நடந்ததைச் சம்பந்தியிடம் சொல்லிவிட்டால் என்ன என்று யாரும் கேட்கலாம். முன்பு வந்த இடம் இப்படி ஒரு சின்னப் பேச்சில்தான் முறிந்தது. "அப்பன் இல்லாத வூடு, ஒண்ணு சொல்லி ஒண்ணு செய்வாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். சரோஜாவுக்கு இருபத்தைந்து ஆகிறது. இன்னொரு தரம் தாங்காது. அவளுக்குத் தாங்கினாலும் எனக்குத் தாங்காது.

வைகாசி 5, புதன்

வெயில், புழுக்கம். பஸ் ஸ்டாண்டு பக்கம் பாயின் கொட்டகை. அப்பாவின் பச்சை வண்டி அங்கேயே மூக்கைத் திறந்துகொண்டு நிற்கிறது. பாய் என்னைக் கண்டதும் பீடியைக் காலில் நசுக்கினார்.

"கெடச்சிருச்சு. நம்ம வண்டிக்குக் கூடப் பொறந்தது. மேல் கூடு வேற, இன்ஜின் அதே தான். பழைய இரும்பு வெலைக்கு எடுத்துக்கலாம். நாலு நாள்ல மாத்திக் குடுத்துர்றேன்."

"எங்க?"

"மாகறல்ல."

"யாருது?"

பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "கன்னியப்பன்து."

எழுந்து வந்துவிட்டேன். பாதி தூரம் வந்து திரும்பிப் போனேன்.

கன்னியப்பன் வண்டியைத் தெரியாதவர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. கருப்பு வண்டி. பெரிய ஆஸ்பத்திரிகளில் யாராவது போய்விட்டால் வீட்டுக்குக் கொண்டுவருவது அதுதான். வேறு யாரும் அந்தச் சவாரிக்கு வர மாட்டார்கள். அதன் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அடுப்பிலிருக்கிறதை இறக்கிவைத்துவிட்டு வாசலுக்கு வருவார்கள், யார் வீட்டுக்கு என்று பார்க்க.

அப்பாவையும் அதில்தான் கொண்டுவந்தோம். நாலு வருஷம் முன்பு ஐப்பசியில், மழையில். நான் முன் சீட்டில். வண்டி தெரு திரும்பும்போதே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் இறங்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதை இங்கே ஒரு தரம் எழுதியாயிற்று, போதும்.

கல்யாண வண்டிக்கு அந்த இன்ஜினா என்று பாயிடம் கேட்டேன். அவர் யோசித்தே வைத்திருந்தார் போல. "பொணத்த சொமந்தது கூடு. அத மாகறல்லயே வுட்டுட்டு வந்துர்றோம். இன்ஜினு முன்னால கீது, மூஞ்சி ரோட்டப் பாத்துக்கினு கீது. பின்னால இன்னா படுத்துக்கினு கீதுன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் நன்றாக இல்லை.

வைகாசி 6, வியாழன்

சி.எல். காரணம்: வயிற்றுக்கடுப்பு. பொய்யும் இல்லை.

பாயும் நானும் மாகறல் போனோம். செய்யாற்று மணலில் நடை, செருப்புக்குள் நெருப்பு. கன்னியப்பனுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, ஓட்டி இரண்டு வருஷம் ஆகிறதாம். வண்டி வீட்டுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில். பம்பரில் ஆடு கட்டியிருந்தது. பின் கதவை நான் பார்க்கவில்லை.

அவர் மனைவி பாயிடம் பெருமையாகச் சொன்னது: "சும்மா நின்னா இன்ஜின் புடிச்சிக்கும்னு சொன்னாங்க. அதான் சனிக்கெழம சனிக்கெழம மேல மூடியக் கயட்டி ஓட்டைல ஒரு கரண்டி வெளக்கெண்ண ஊத்திட்டு வருவேன். அவருக்கும் அன்னிக்கு தான் எண்ண தேய்ப்பேன்."

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு பிளக்கைக் கழற்றி உள்ளே விரலை விட்டு வழித்துப் பார்த்தார். வெல்லப்பாகு மாதிரி வந்தது. ஆனால் துரு இல்லை. மெக்கானிக்குகள் யாரும் செய்யாத காரியம், அதனால்தான் தப்பித்தது என்றார்.

கன்னியப்பன் கட்டிலில் இருந்தபடி என்னைக் கேட்டார், "இன்னாத்துக்குப்பா எடுக்கிற?" என்னை அவருக்கு ஞாபகமில்லை. எத்தனை வீட்டு வாசலைப் பார்த்திருப்பார். கிணற்றுக்கு பம்பு செட் வைக்க என்று சொல்லிவிட்டேன்.

"நல்லது. அது வந்தாலே ஜனம் அயுவும். இனிமே தண்ணி எறைக்கட்டும்."

இதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்காமல் வந்துவிட்டேன், அந்த அம்மா என்ன நினைத்தாளோ.

வைகாசி 8, சனி

இன்ஜின் வந்தது. மாட்டு வண்டியில் வைக்கோல் போட்டு, மேலே கோணி மூடி. கிணறு தூர் எடுக்கிறவர்களின் கப்பியும் கயிறும் வாங்கி, மூன்று சவுக்கு மரம் நட்டு இறக்கினோம். கயிறு ஒரு தரம் வழுக்கியது. அந்த நிமிஷம் விழுந்து உடைந்து தொலையட்டும் என்றுதான் மனதில் ஓடியது. உடையவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா, "வண்டி ரெடி ஆச்சா ஏகாம்பரம்? நைனா ஆசையா வச்சிருந்தது" என்றாள். ஆகிக்கொண்டிருக்கிறது என்றேன். எங்கிருந்து இன்ஜின் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பம்பு செட் என்றா?

தையல்காரர் வந்துவிட்டார். ஒரு கவலை குறைந்தது.

வைகாசி 10, திங்கள்

காற்றே இல்லை. இன்ஜின் மண்ணெண்ணெயில் ஊறுகிறது. பிஸ்டன் அசைய மறுக்கிறது. பாய் கட்டையை வைத்துத் தட்டுகிறார், திட்டுகிறார், திரும்ப ஊற்றுகிறார்.

"அதே இன்ஜின்தான்" என்றவர் இப்போது, தாங்கும் போல்ட் ஓட்டைகள் அரை அங்குலம் தள்ளி இருக்கின்றன என்கிறார். கொல்லரிடம் தகடு அடிக்கக் கொடுத்திருக்கிறது. காற்றாடி ரேடியேட்டரில் இடிக்கிறது. அதற்கும் ஏதோ செய்கிறாராம்.

பாய் சொன்ன நாள்: ஞாயிறு. பிறகு: செவ்வாய். இன்று: "வியாயன் வச்சிக்க." எந்த வியாழன் என்று கேட்கத் தைரியமில்லை.

சரோஜா குளத்திலிருந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். பாய் கொட்டகைப் பக்கம் யாரோ பேசிக்கொண்டிருந்தார்களாம். "மாகறல் இன்ஜினாமேண்ணா?"

ஆம் என்றேன். அவளிடம் பொய் வராது, சின்ன வயதிலிருந்தே வராது.

குடத்தை இறக்கவே இல்லை. இடுப்பில் வைத்தபடியே நின்றாள். "அவங்களுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும்ணா." கொஞ்சம் பொறுத்து, "அம்மாவுக்குத் தெரிஞ்சா?" என்றாள். தெரியாது என்றேன், யாருக்கும் தெரியாது என்றேன். குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

வைகாசி 12, புதன்

பாய் தொழுகைக்குப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குப் போனேன். கையில் செம்பு. காலையில் கோயில் குருக்களிடம் சுற்றி வளைத்துக் கேட்டிருந்தேன். சாவு வீட்டில் புழங்கின பாத்திரம் ஒன்றைக் கல்யாணத்துக்கு எடுக்கலாமா என்று. "என்ன பாத்திரம், எவ்வளவு பெருசு?" என்றார். அண்டா என்றேன். கை நன்றாக அகலமாக விரிந்திருக்க வேண்டும், அவர் என் கையைப் பார்த்தார். தீட்டுக் கழிக்கிற புண்ணியாகத் தீர்த்தம் கொடுத்து, எல்லா இடமும் படும்படி தெளிக்கச் சொன்னார்.

எல்லா இடமும் படும்படி ஊற்றினேன். மஞ்சளும் கரைத்திருந்தேன். மாவிலை. மனது லேசாயிற்று.

வைகாசி 13, வியாழன்

பாய் காலையில் ஆபீஸுக்கே வந்துவிட்டார். பி.டி.ஓ. முன்னால்.

"யாரு இன்ஜினுக்கு மஞ்சத் தண்ணி ஊத்துனது? பொட்டியெல்லாம் ரொம்பி நிக்குது! நெருப்புப் பொறி வர்ற எடத்துல மாவெல!"

கரண்டு பிரிக்கிற மூடிக்குள் தண்ணீர் போய்விட்டதாம். ஒரு நாள் வேலை வீண். நேற்று சாயந்திரமே ஸ்டார்ட் ஆகியிருக்க வேண்டியது. பி.டி.ஓ. என்னைப் பார்த்த பார்வை. எந்த இன்ஜினுக்கு என்று அவர் கேட்காமல் போனது யார் செய்த புண்ணியமோ.

மூடியை எங்கள் வீட்டு அடுப்பு மேட்டில் வைத்துக் காய வைத்தேன். அம்மா, "இது இன்னா சட்டி?" என்றாள். வண்டிச் சாமான் என்றேன். அது பிளந்துவிடாமல் இருக்க வேண்டுமே என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நல்லது செய்யப் போனால் எனக்கு இப்படித்தான் முடிகிறது.

வைகாசி 15, சனி

ஸ்டார்ட் ஆயிற்று!

முதலில் புகை. கொட்டகை மறைந்துவிட்டது. விளக்கெண்ணெய்ப் புகை, கைக்குழந்தை இருக்கிற வீட்டு வாசனை. டீக்கடையிலிருந்து ஒருவன், "பாய், வண்டிக்கு பேதிக்குக் குடுத்தியா?" என்றான். பாயும் சிரித்தார், நானும் சிரித்தேன். பத்து நாளில் முதல் சிரிப்பு.

புகை அடங்கினதும் சத்தம் கேட்டது. என் சிரிப்பு போய்விட்டது.

அதே சத்தம். ஒழுங்காக அடித்துக்கொண்டே வந்து, ஒரு அடியில் கொஞ்சம் தயங்கி, பிறகு தொடரும். முன் சீட்டில் உட்கார்ந்து செங்கல்பட்டிலிருந்து வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தது. கூட்டை மாகறலிலேயே விட்டுவிட்டு வந்தோம், போதும் என்று இருந்தேன்.

சோதனைக்கு எங்கள் தெருப் பக்கம் வேண்டாம் என்று திருப்புலிவனம் ரோட்டில் போனோம். பச்சை வண்டி, மேல்கூரை மடக்கியிருக்கிறது, வெயிலில் பளபளக்கிறது. எந்த விதத்திலும் அந்த வண்டி மாதிரி இல்லை. ஆனால் வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சத்தம் கேட்டதும் எழுந்தார். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். கும்பிட்டார். பிறகுதான் எங்களைப் பார்த்தார். ஊர் முனையில் இரண்டு பெண்கள் வெளியே வந்து, "யாரு? யாரு வூட்டுக்கு?"

பாய் வேகமாக ஓட்டினார். வண்டியைக் கொட்டகையில் விட்டதும் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

வைகாசி 16, ஞாயிறு

பாய் புகைக்குழாய் டப்பாவை மாற்றினார். டாப்பெட்டு என்று ஏதோ திருகினார். ஸ்டார்ட் செய்தோம். சத்தம் சின்னதாயிற்று. தயக்கம் அப்படியே.

"அது அதோட பொறவி. நான் இன்னா பண்ணட்டும்?"

யோசனை: சத்தத்தைச் சத்தத்தால் அடிப்பது. நாகஸ்வரம் இரண்டு சோடி. கூட காஞ்சிபுரம் பேண்டு செட். சொல்லியனுப்பிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "தங்கச்சிக்கு நல்லா தான் செய்யற ஏகாம்பரம்" என்று தட்டிக்கொடுத்தார். இருமினேன்.

அம்மா தன் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். "ஜனம் வர ஆரம்பிச்சிடும். நல்ல காரியத்துல நான் இன்னாத்துக்கு முன்னால நிக்கணும்." ஆரத்திக்குச் சித்தி இருக்கிறாளாம். சரோஜா அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால், இதை எழுதக் கை கூசுகிறது, பின்னறை என்றால் தெருச் சத்தம் அவ்வளவாகக் கேட்காது என்றும் ஒரு நினைப்பு ஓடியது. எப்படிப்பட்ட பிள்ளை நான்.

வைகாசி 17, திங்கள்

மாப்பிள்ளையின் பெரியப்பா சொல்லாமல் வந்து இறங்கினார். ஏற்பாடு பார்க்க. நேராகப் பாய் கொட்டகைக்கு. நான் பின்னால் ஓடினேன்.

வண்டியைச் சுற்றி வந்தார். ஏறி உட்கார்ந்து பார்த்தார். சீட்டைத் தட்டினார். "ஜோரா கீது. எங்க, ஒரு தபா ஸ்டார்ட் பண்ணு."

பாய் கொஞ்சமும் அசராமல், "பெட்ரோலு காஞ்சிபுரத்துலேர்ந்து வரணுங்க. காலி" என்றார். டாங்க் நிறைய இருந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிடப் போகிறாரே என்று அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டேன். சட்டையில் கறை.

தெருமுனையிலேயே மாப்பிள்ளையை இறக்கிவிட்டு நடத்திக் கூட்டி வரலாமா, அதுவும் ஒரு அழகு என்று மெதுவாகக் கேட்டேன்.

"நடக்க வைக்கவா காரு? பந்தல் வாசல் வரைக்கும் வரணும். ஆரத்தி எடுக்கற வரைக்கும் எறங்கக் கூடாது."

போகும்போது, "உங்க நைனா சொன்னா சொன்னபடி செய்யறவரு. நீயும் அப்பிடித்தான் கீற" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

வைகாசி 18, செவ்வாய்

பந்தல் போட்டாயிற்று. வாழைமரம் ஒன்று முறிந்தது, வேறு வந்தது. பாய் சொல்வது: நடை வேகத்தில் ஊர்வலம் போனால் இன்ஜின் கொதிக்கும், கூடவே தண்ணீர்க் கெட்டிலோடு நடக்க ஒரு ஆள் வேண்டும். சூட்டில் நிறுத்தினால் திரும்பப் பிடிப்பது கஷ்டம், அதனால் வாசலில்கூட ஓட்டத்திலேயே வைக்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் மட்டுமாவது சொல்லிவிடலாமா? வாத்தியார் வேலை, படித்தவர். பெண் பார்க்க வந்தபோது அதிகம் பேசவில்லை. பேசாதவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தெரிவதில்லை. வேண்டாம்.

வைகாசி 19, புதன்

எல்லாரும் பந்தியில். எனக்குப் பத்து நிமிஷம். எழுத்து எப்படியோ இருக்கட்டும்.

பிள்ளையார் கோயிலிலிருந்து புறப்பட்டது நன்றாகவே நடந்தது. காஸ் லைட்டுகள், மத்தாப்பு, மாப்பிள்ளை மாலையோடு பின் சீட்டில், சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். பாய் ஓட்டினார், நான் முன்னால். பேண்டு செட் ஒரு பக்கம், நாகஸ்வரம் ஒரு பக்கம், பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. இப்படியே போய்விட்டால் போதும் என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

எங்கள் தெரு. பந்தல் வாசல். சித்தி ஆரத்தித் தட்டோடு வந்தாள். ஆரத்திப் பாட்டுக்காக நாகஸ்வரக்காரர் கையைக் காட்டினார், பேண்டும் நின்றது. இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்! எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. இன்ஜின் மட்டும். அடித்து, அடித்து, தயங்கி, அடித்து.

எதிர் வீட்டுத் தாத்தா எழுந்து துண்டை எடுத்தார்.

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. அம்மா வந்தாள். பின்னறையிலிருந்து, கூடத்தைத் தாண்டி, அத்தனை சுமங்கலிகளுக்கும் நடுவில், வாசல் வரைக்கும். தலை முக்காடு விழுந்திருந்தது. யாரோ, "நீங்க இன்னாத்துக்கும்மா, உள்ள போங்க" என்று கையைப் பிடித்தார்கள். அம்மாவுக்கு அது தெரிந்ததாகவே இல்லை. வண்டியைத்தான் பார்த்தாள்.

"அவரு வந்துட்டாரு" என்றாள். சாதாரணமாக, வந்த விருந்தாளியைச் சொல்கிற மாதிரி. "அவரக் கொண்டாந்த சத்தம் எனக்குத் தெரியாதா? பொண்ணு கல்யாணத்துக்கு வந்துட்டாரு."

பெரியப்பா சித்தியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னா சொல்றாங்க? எந்தச் சத்தம்?"

பாய் என்னைப் பார்த்தார். இதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கன்னியப்பன் வண்டி இன்ஜினுங்க. எங்க நைனாவக் கொண்டாந்தது. வேற வழி தெரியலைங்க.

"அதுலயா..." பெரியப்பா வண்டியை விட்டு ஒரு அடி பின்னால் போனார். "அதுலயா எங்க புள்ளைய..."

அந்த நேரம் பார்த்து இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ரேடியேட்டரில் ஆவி. அம்மாவின் முகம் மாறியது. அன்றைக்கு வண்டி வாசலில் வந்து நின்றபோது இருந்த முகம். சரோஜா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். முடிந்தது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை சீட்டிலிருந்து முன்னால் குனிந்தார். மாலை என் கழுத்தில் பட்டது.

"பெரியப்பா, கொஞ்சம் சும்மா இருங்க." பிறகு பாயிடம், "இன்னொரு தபா ஸ்டார்ட் பண்ணுங்க. அத்தை கேட்டுக்கினு கீறாங்க."

பாய் இறங்கி, இன்ஜினைச் சுற்றுகிற ஹாண்டிலை எடுத்தார். நான் இறங்கி, அதை வாங்கி, நானே போட்டேன். பிடிக்கவில்லை. திரும்பப் போட்டேன், என் பலமெல்லாம் சேர்த்து.

பிடித்துக்கொண்டது. அம்மா பந்தல் காலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே போகச் சொல்லி யாரும் வாய் திறக்கவில்லை.